குதிரைக்கு வெச்ச ஆறு உருண்டை

வக்கீல் குமாஸ்தா வேலைங்கறது, தப்பு பண்ணுனவனுக்கும் பண்ணாதவனுக்கும் ஒரே கார்பன் பேப்பரை வெச்சு டைப் அடிக்கற வேலைங்க. கோர்ட் வராண்டாவுல ஒரு நாளாச்சும் உக்காந்து, பேரை எப்பக் கூப்புடுவாங்களோன்னு ஒண்ணுக்குக்கூடப் போகாம அடக்கிட்டு இருந்தவங்களுக்கு நான் சொல்றது புரியும். உங்கள்ல அப்படி நெறையப் பேரு இருப்பீங்க. கூச்சப்படாதீங்க, நானும் அதே பெஞ்சுலதான் இருந்தேன். என்ன, எனக்கு அதுக்குச் சம்பளம் குடுத்தாங்க.

பகல்ல லேத் பட்டறை, பொழுது சாஞ்சா ராத்திரிப் பள்ளிக்கூடம்னு ஓடி பத்தாவது தேறி, டைப்ரைட்டிங்ல லோயரும் முடிச்சுட்டு நான் குமாஸ்தாவாச் சேர்ந்தது தொண்ணூறுகளோட ஆரம்பத்துல. கோயமுத்தூர் கோர்ட்டுக்குப் பின்னால ஒரு மாடியில எங்க சீனியர் ஆபீஸ். ஜன்னலைத் தொறந்தா டீக்கடை ரேடியோ சத்தம், மூடுனா சீனியரோட மூக்குப்பொடி நெடி. மனுவுல ஒரு பாரா சொல்றதுக்குள்ள நாலு தும்மல் போடுவாரு. தும்மலையும் சேத்து அடிச்சுடுவனோன்னு எனக்குப் பயமா இருக்கும். இப்பக் கம்ப்யூட்டர் வந்துருச்சு, ஏசி வந்துருச்சு. இருந்தாலும் அந்தப் பொடி நெடி எங்கயாச்சும் அடிச்சா நான் சித்தெ நேரம் அங்கயே நின்னுதான் போவேன்.

அப்ப கஞ்சா கேஸு வரிசையா வந்துட்டு இருந்த காலம். சட்டம் கடுமை, ஜாமீன் லேசுல கெடைக்காது. 'பஸ் ஸ்டாண்டில் கஞ்சா ஆசாமி கைது'ன்னு பேப்பர்ல நாலு வரி வரும், படிச்சுட்டுத் திருப்பிடுவீங்க. அந்த நாலு வரிக்குப் பின்னால என்ன நடந்துதுன்னு, ஒரே ஒரு ஆளை வெச்சுச் சொல்றேன்.

ஏட்டய்யா புட்ட உருண்டை

ஆடி மாசம் அந்தியூர்ல குதிரைச் சந்தை முடிஞ்ச அடுத்த வாரம், ஒரு அம்மா மாடிப்படி ஏறி வந்து கதவுகிட்டயே நின்னாங்க. பேரு பழனியம்மா. அவங்க வீட்டுக்காரர் மாரப்பன் குதிரை பழக்கறவரு. சந்தையில யாராச்சும் குதிரை வாங்குனா, கூடவே போய் அவங்க எடத்துல கட்டிப்போட்டு, ரெண்டு நாள் இருந்து பழக்கி உட்டுட்டு வருவாரு. அந்த வருஷம் கோயமுத்தூர் மில்காரர் ஒருத்தர் வாங்குன வெள்ளைக் குதிரையோட லாரியில வந்து உட்டுட்டு, ஊருக்குத் திரும்பறதுக்குக் காந்திபுரம் பஸ் ஸ்டாண்டுல நின்னுருக்காரு. கையில ஒரு மஞ்சப்பை. அதுல ஒரு வேட்டி, குதிரை தேய்க்கற பிரஷ், அப்புறம் ஆறு உருண்டை. லாரியில நின்னுட்டே வர்ற குதிரைக்கு வயிறு உப்பிருச்சுன்னா குடுக்கறதுக்கு, கஞ்சாத் தழையை வெல்லத்தோட சேத்து இடிச்சு உருட்டுனது. குதிரை பாக்கறவங்க கையில அப்ப அது இருக்கும், நம்ம ஊட்டுல ஓமத்தண்ணி இருக்கற மாதிரி.

பையைச் சோதனை போட்ட ஏட்டு, எள்ளுருண்டைன்னு நெனச்சு ஒண்ணைப் புட்டு வாய்க்குக் கொண்டு போயிருக்காரு. மாரப்பன் பதறிப்போய் அவரு கையைப் புடிச்சு, "ஐயா, திங்காதீங்க, அது கஞ்சாங்க, குதிரைக்குங்க"ன்னு சொல்லிப்போட்டாரு. அவ்வளவுதான், ஏட்டு வாயை மூடிட்டாரு, விலங்கு தொறந்துருச்சு. மறுநாள் ரிமாண்ட்.

"என்னங்க்கா, பேசாம இருந்திருந்தா எள்ளுருண்டையாவே போயிருக்குமே"ன்னு நான் கேட்டேன். பழனியம்மா என்னை ஒரு மாதிரியாப் பாத்தாங்க. "ஏனுங் தம்பி, குதிரைக்குக் குடுக்கறதை மனுசன் தின்னா கீழ உழுந்துருவாருங்களே. அவருக்கும் பொண்டாட்டி புள்ளைங்க இருக்குமில்லீங்க?"

வாழைப்பழத் தராசு

உருண்டையை நிறுக்கறதுக்குப் பஸ் ஸ்டாண்டுலயே ஒரு பழக்கடைத் தராசை வாங்கியிருக்காங்க. மகஜர்ல, அதான் போலீசு சரக்கைப் புடிச்சதுக்கு எழுதற காயிதத்துல, போட்ட எடை அறுநூத்தி இருவது கிராம். அதுல முக்காவாசிக்கு மேல வெல்லம்னு குதிரைக்காரங்க யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க. ஆனா மகஜர் எழுதறவங்க குதிரைக்காரங்களைக் கேக்கறதில்லை.

அந்த எடைதான் எங்களுக்குக் கழுத்துல விழுந்த கல்லு. அன்னைக்கு இருந்த சட்டத்தை எங்க சீனியர் எனக்கு வெளக்குன மாதிரியே சொல்றேன். கஞ்சா அரைக் கிலோவுக்கு உள்ள இருந்து, அதை வெச்சிருந்தவன் தான் குடிக்கறதுக்கே வெச்சிருந்தான்னா, அதிகபட்சம் ஆறு மாசம். இந்த ரெண்டுல ஒண்ணு தவறுனாலும் அஞ்சு வருஷம் வரைக்கும் இழுத்துட்டுப் போகும். சீனியர் ஜாமீன் மனுவுல நின்னு வாதாடுனாரு. "ஒரு கிலோ அல்வாவுல பத்து முந்திரி கெடந்தா, ஒரு கிலோ முந்திரின்னு எழுதுவீங்களா?"ன்னு கேட்டுப்போட்டு ஒரு தும்மலும் போட்டாரு. கோர்ட்டே சிரிச்சுது. அரசு வக்கீல் மட்டும் சிரிக்காம எந்திரிச்சு, சட்டப் புஸ்தகத்தை மூடி வெச்சுட்டு, ரொம்பத் தன்மையாச் சொன்னாரு: "வெல்லத்தைக் கழிச்சுக்கலாம்னு இதுல எங்கயும் போடலைங்களே."

பொண்ணு எடுக்கறவங்க கேட்டது

ஜாமீன் தள்ளுபடி. அதுக்கப்புறம் பதினஞ்சு நாளைக்கு ஒரு வாய்தா. ஜெயில் வேன்ல மாரப்பனைக் கூட்டிட்டு வருவாங்க. பழனியம்மா அந்தியூர்ல மொத பஸ்ஸைப் புடிச்சு வந்து, வேனுக்கும் கோர்ட் ஹாலுக்கும் நடுவுல இருக்கற வேப்பமரத்துக்கிட்ட நின்னுக்குவாங்க. அந்த நாப்பது அடி தூரம் நடக்கறதுக்குள்ள புருசனும் பொண்டாட்டியும் பதினஞ்சு நாள் பேச்சைப் பேசி முடிச்சாகணும். காவலுக்கு வர்றவங்க நல்ல மனசுக்காரங்களா இருந்தா கொஞ்சம் மெதுவா நடப்பாங்க. ஆடு குட்டி போட்டதையும், கெணத்துல தண்ணி ஊறுனதையும் அவங்க அவ்வளவு வேகமாச் சொல்றதைக் கேட்டா, ரேடியோவுல மாநிலச் செய்தி கேக்கற மாதிரியே இருக்கும்.

ஒரு வாய்தாவுக்கு அந்தம்மா வந்து ஒண்ணுமே பேசலை. மாரப்பன் உள்ள போன பொறகு எங்கிட்ட வந்தாங்க. அவங்களுக்கு ஒரே பொண்ணு, தெய்வானை. ஆடிக்கு முன்னாலயே மாப்பிள்ளை பாத்து, தை மாசம் கல்யாணம்னு பேசி வெச்சிருந்தாங்க. மாப்பிள்ளை வீடு கோபிச்செட்டிபாளையம் பக்கம். கேஸ் ஆனதுக்கப்புறம் அவங்க ஆளனுப்பி இன்னொரு தை வரைக்கும் பொறுத்துக்கறோம்னு சொல்லியிருக்காங்க. நல்லதுதானேங்க்கா, அதுக்கு ஏன் மொகத்தைத் தொங்கப் போட்டுட்டு நிக்கறீங்கன்னேன். "ஜெயிலுக்குப் போனது பரவாயில்லையாமுங்க தம்பி. போலீசு யாரை வேணும்னாலும் புடிக்குமாம். ஆனாக் கஞ்சாக் குடிக்கி ஊட்டுல மட்டும் பொண்ணு எடுக்க மாட்டாங்களாம். அதை மட்டும் வெசாரிச்சுச் சொல்லச் சொல்லிப்போட்டுப் போனாங்க."

"செரிங்க"

மாரப்பன் நல்ல ஒசரம், கட்டுமஸ்தான ஆளு. ஒரு மொரட்டுக் குதிரையைக் கடிவாளமில்லாம நிறுத்துவாருன்னு சொல்லுவாங்க. ஆனா வெள்ளைச்சட்டை போட்ட ஆளைப் பாத்தா அவருக்கு 'இல்லை'ங்கற வார்த்தையே வாயில வராது. ஏட்டு கையெழுத்துப் போடச் சொன்னாரு, செரிங்க. கிலோக் கணக்குல கடத்துனயாமேன்னு யாரோ கேட்டாங்க, செரிங்க. நம்ம பக்கத்து மரியாதை அப்படி. பெரியவங்க சொன்னதை மூஞ்சிக்கு நேரா மறுக்கறதில்லை. 'செரிங்க'ன்னு சொல்லிப்போட்டு வந்து நம்ம சோலியை நாம பாத்துக்கறது. ஊருக்குள்ள அது நல்ல பழக்கம். கோர்ட்டுக்குள்ள அதே பழக்கம் ஆளைச் சாச்சுப்புடும்.

குற்றச்சாட்டைப் படிக்கற அன்னைக்கு ஜட்ஜய்யா முழுசும் படிச்சுட்டு, "குற்றத்தை ஒத்துக்கறீங்களா?"ன்னாரு. மாரப்பன் கையைக் கட்டிட்டு, "செரிங்க"ன்னுட்டாரு. எனக்குக் கையில இருந்த கேஸ் கட்டு நழுவிருச்சு. சீனியர் பாய்ஞ்சு போய், "கேட்டதுக்கு மரியாதையா அப்படிச் சொல்றாருங்க, குற்றத்தை ஒத்துக்கலைங்க"ன்னாரு. ஜட்ஜய்யாவும் இந்தப் பக்கத்துல பல வருஷம் வேலை பாத்தவரு. மூக்குக்கண்ணாடியைக் கழட்டித் தொடைச்சுட்டு, மறுபடியும் கேட்டாரு. நான் கூண்டுக்குப் பின்னால நின்னு தலையை இடமும் வலமும் ஆட்டுன ஆட்டுல, மாரப்பன் எப்படியோ பேசாம நின்னாரு.

அதுக்கப்புறம் வாய்தா தவறாம அவருக்கு நான் பாடம் எடுத்தேன். "எங்க, சொல்லுங்க: இல்லைங்க." அவரு சிரிப்பாரு. "உங்ககிட்டச் சொல்லிப்போடலாமுங் தம்பி. அத்தனை பெரிய மனுசரு மேல உக்காந்துட்டு நம்மளை ஒரு பொருட்டா மதிச்சுக் கேக்கறாரு, அவருகிட்ட எப்படிங்க இல்லைன்னு சொல்றது?"

வேன்ல வந்த யோசனை

அதே வேன்ல தங்கராசுன்னு ஒருத்தன் வருவான். பொட்டலம் விக்கறவன், எங்க ஆபீசுக்குப் பழைய கட்சிக்காரன். வராண்டாவுல அவனைத் தெரியாத ஆளு கெடையாது. பெஞ்சு கிளார்க்குக்கு வணக்கம் வெப்பான், டீக்கடைக்காரரை மாமாம்பான். புடிபட்டா ரெண்டே பொட்டலத்தோடதான் புடிபடுவான். கேட்டா, 'நானே குடிக்கறதுக்குத்தானுங்க, இந்தப் பாழாப்போன பழக்கத்தை உட முடியலைங்க'ன்னு கண்ணுல தண்ணி வர ஒப்பிப்பான். கொஞ்ச மாசத்துல வெளிய வந்துருவான். உண்மையில அவன் பீடிகூடக் குடிக்க மாட்டான், நெஞ்சுக்கு ஆகாதும்பான்.

'நானே குடிக்கறதுக்குத்தான்'னு சொல்லிடுங்கன்னு மாரப்பனுக்கு மொதல்ல யோசனை சொன்னவன் அவன்தான். எங்க சீனியரே மனசுல வெச்சிருந்து வெளிய சொல்லத் தயங்குனது அது. மாரப்பன் காதுலயே வாங்கலை. தங்கராசுக்கு அவரு மேல உண்மையாவே வருத்தம். ஒரு நாள் விலங்குக் கையோட என்னைக் கூப்பிட்டான். "அண்ணா, நான் விக்கறேன், மாசக் கணக்குல வெளிய வாரேன். இவரு குதிரைக்கு மருந்து வெச்சிருந்தாரு, வருசக் கணக்குல உள்ள கெடக்கறாரு. நீங்க படிச்சவங்க, நாளைக்கு எம்பையனுக்கு எந்தத் தொழிலைக் கத்துக் குடுக்கறதுன்னு நீங்களே சொல்லுங்க."

சாட்சி

உருண்டை குதிரைக்குத்தான்னு நிரூபிக்கறதுக்கு அந்த மில்காரரைச் சாட்சி கூப்பிடலாம்னு சீனியர் நெனச்சாரு. பெரிய மனுசர், தண்டனையைக் கொறைக்கவாச்சும் ஆகும்னு. அவரு வரலை, மேனேஜர் வந்தாரு. மொதலாளி பேரு கஞ்சா கேஸ்ல வரக்கூடாதுன்னு நாசூக்காச் சொன்னாரு. காபி வாங்கிக் குடுத்தோம். குதிரை எப்படி இருக்குதுன்னு ஒரு பேச்சுக்கு நான் கேட்டேன்.

கார்த்திகை மழையில அதுக்கு வயிறு உப்பியிருக்குது. புதுசாப் பாத்துட்டு இருந்த ஆளுக்கு மருந்து தெரியும். ஆனா மாரப்பன் கதையைக் கேட்டதுக்கப்புறம் அந்தத் தழையைக் கையில தொடவே அவனுக்குப் பயம். மாட்டு டாக்டரைத் தேடிப் போன ஜீப் திரும்பி வர்றதுக்குள்ள முடிஞ்சு போச்சு. மேனேஜர் காபியை மிச்சம் வெக்காமக் குடிச்சுட்டு எந்திரிச்சாரு. "குதிரையே போயிருச்சுங்க. இனி அதுக்குச் சாட்சி எதுக்குங்க?"

அரக்கு சீலுக்குள்ள

பதினாலு மாசம் கழிச்சு விசாரணை வந்துது. மெட்ராஸ்ல பரிசோதனை பண்ணி அனுப்புன காயிதத்துல 'இதில் கஞ்சா உள்ளது'ன்னு இருந்துதே தவிர, எவ்வளவு கஞ்சா, எவ்வளவு வெல்லம்னு இல்லை. தொண்டிப் பொருளை, போலீசு புடிச்ச அந்த உருண்டையை, கோர்ட்டுல பிரிச்சுக் காட்டணும்னு சீனியர் கேட்டாரு. துணியில பொதிஞ்சு, அரக்கு சீல் வெச்ச பொட்டலம் வந்துது. சீல் சுத்தமா இருந்துது. பெஞ்சு கிளார்க் துணியைப் பிரிச்சாரு, பிரிச்ச வேகத்துல கையை ஒதறிட்டு எந்திரிச்சு நின்னுட்டாரு.

உள்ள பூரா எறும்பு. தொண்டி அறையில இருந்த பதினாலு மாசத்துல, தையல் ஓட்டை வழியாப் போய் வெல்லத்தைத் துளி மிச்சமில்லாம தின்னு முடிச்சிருக்குதுங்க. தழையை மட்டும் ஒதுக்கி வெச்சிருந்துது. எறும்புக்கு எது சரக்குன்னு அறிவு இருந்திருக்குது பாருங்க. பரிசோதனைக்கு எடுத்தது போக மிச்சத்தைத் தபால் தராசுல வெச்சுப் பாத்தா நூறு கிராமுக்கும் கம்மி. ஜட்ஜய்யா சிரிப்பை அடக்கறதுக்காகத் தண்ணி குடிச்சாரு. எடையைப் பத்தி அரசுத் தரப்பு சொன்னதுல சந்தேகம் இருக்குதுன்னு குறிச்சுக்கிட்டாரு. அரைக் கிலோங்கற கல்லு எங்க கழுத்தை விட்டு எறங்குச்சு. பெஞ்சு கிளார்க் வெரலைச் சொறிஞ்சுட்டே எங்கிட்டக் குனிஞ்சாரு. "ஏய்யா, இத்தனை நாளா இத்தனை வக்கீலு வாதாடி ஆகாததை இதுக ஒரு பைசா வாங்காம முடிச்சுப்போட்டுதே."

சாப்பாட்டு நேரம்

இனி மிச்சம் ஒரே விஷயம். தழை கம்மின்னு ஆயிருச்சு, அது தான் குடிக்கறதுக்குன்னு மாரப்பன் சொல்லிட்டாருன்னா ஆறு மாசத் தண்டனை. அவரு ஏற்கனவே பதினாலு மாசம் உள்ள இருந்தாச்சு. அன்னைக்குச் சாயங்காலமே வீட்டுக்குப் போயிடலாம். குதிரைக்குன்னு சொன்னா அந்தச் சலுகை கெடையாது. சட்டத்துல மனுசன் குடிக்கறதுக்குக் கருணை உண்டு, குதிரை திங்கறதுக்கு இல்லை.

மத்தியானம் கோர்ட் கலைஞ்ச நேரத்துல வேப்பமரத்தடியில சீனியரே எறங்கி வந்து மாரப்பன்கிட்டப் பேசுனாரு. அவரு அப்படி எறங்கி வந்து நான் பாத்தது அந்த ஒரு தடவைதான். "மாரப்பா, மத்தியானம் ஜட்ஜ் உன்னையக் கேப்பாரு. இத்தனை நாளா எல்லாருக்கும் செரிங்க செரிங்கன்னயே, இன்னைக்கு ஒரே ஒரு தடவை அதையே சொல்லு. போதும்." மாரப்பன் மரத்துல சாஞ்சு நின்ன பழனியம்மாவைப் பாத்தாரு. கோபிச்செட்டிபாளையத்துல இருந்து வந்த கேள்வி எங்க நாலு பேருக்கும் தெரியும். பழனியம்மா தூக்குப்போசியோட மூடியைத் தொறந்து, மறுபடியும் மூடுனாங்க. அப்புறம் தரையைப் பாத்துட்டே சொன்னாங்க: "எனக்கு நீங்க ஊட்டுக்கு வந்தாப் போதுமுங்க. தெய்வானை அம்மணிக்கு வேற எடம் கெடைக்காமயா போயிரும்?"

ஒரே கேள்வி

மத்தியானம் ஜட்ஜய்யா கேட்டாரு. அவரு கேட்ட விதத்தை நான் இன்னும் மறக்கலை. பதிலை அவரே எடுத்துக் கையில குடுக்கற மாதிரி, மெதுவா, நிறுத்தி நிறுத்திக் கேட்டாரு. "இது நீங்க உங்களோட சொந்த உபயோகத்துக்குத்தானே வெச்சிருந்தீங்க?" அரசு வக்கீல்கூட எதுவும் சொல்லாம ஜன்னலைப் பாத்துட்டு இருந்தாரு. பதினாலு மாசமா எங்களுக்கு எமனா இருந்த 'செரிங்க'ங்கற அந்த ஒரு வார்த்தைக்காக அன்னைக்கு ஹால்ல இருந்த அத்தனை பேரும் காத்துட்டு இருந்தோம்.

மாரப்பன் கட்டியிருந்த கையைப் பிரிச்சு, கும்புட்டாரு. "இல்லைங்க. குதிரைக்குங்க. நானு குடிச்சதில்லைங்க." ஜட்ஜய்யா பேனாவைக் கீழ வெச்சாரு. நல்லா யோசிச்சுச் சொல்லுங்கன்னாரு. மாரப்பன் மறுபடியும் அதையேதான் சொன்னாரு. தீர்ப்பு ரெண்டு வருஷம், இருந்த காலம் போக மிச்சம் பத்து மாசம். அஞ்சு வருஷம் வரைக்கும் போட்டிருக்கலாம், ஜட்ஜய்யா போடலை. மெட்ராஸ்ல அப்பீல் பண்ணுனா, அது வரிசைக்கு வர்றதுக்குள்ள தண்டனையே முடிஞ்சுரும்னு சீனியர் சொல்லிட்டு, பொடி டப்பாவைத் தொறக்கக்கூடச் செய்யாம மாடி ஏறிட்டாரு.

வேன்ல ஏத்தறதுக்கு முன்னால நான் கிட்டப் போனேன். எனக்குக் கோவம், அழுகை ரெண்டும் வந்துது. மாரப்பன் கம்பிக்கு அந்தப் பக்கம் உக்காந்து என்னைத்தான் தேத்துனாரு. அப்புறம் கொஞ்சம் கவலையா கேட்டாரு: "மொத தடவையா ஒரு பெரிய மனுசருகிட்ட இல்லைன்னு சொல்லிப்போட்டனுங் தம்பி. அவரு ஒண்ணும் மனசுல வெச்சுக்க மாட்டாருங்களே?"

தை மாசம்

கல்யாணம் தள்ளி வெச்ச அந்தத் தையிலயே நடந்துது. மாரப்பனுக்குப் பரோல் கேட்டு நானே மூணு மனு டைப் அடிச்சேன். அனுமதி வந்துது, மறுக்கலை. கல்யாணம் முடிஞ்ச அஞ்சாவது நாள் வந்துது. தகப்பன் எடத்துல மாரப்பனோட தம்பி நின்னாரு. சீனியர் குடுத்தனுப்புன எவர்சில்வர் கொடத்தோட நான் அந்தியூர் போயிருந்தேன். பழனியம்மா பந்திக்கும் மணமேடைக்கும் ஓடிட்டு இருந்தாங்க. ஒரம்பரை சனம் யாரும் அவங்களை ஒரு கேள்வி கேக்கலை. தெய்வானை கழுத்துல தாலி ஏறுற நேரம், அந்தம்மா மேடையைப் பாக்காம செவுத்துக் கடிகாரத்தைப் பாத்தாங்க. ஜெயில்ல மணி என்னன்னு தெரிஞ்சுக்க அவருக்கு ஒரு வழி இருக்கணுமேன்னு எனக்கும் அப்பத்தான் தோணுச்சு.

சாப்பிட்டுக் கை கழுவற எடத்துல மாப்பிள்ளையோட அப்பா என்னைத் தேடி வந்தாரு. "கோயமுத்தூர் குமாஸ்தாங்களா? சம்மந்தி கோர்ட்டுல சொன்னப்ப நீங்க கூட இருந்தீங்களாமே?" இருந்தேன், 'நானு குடிச்சதில்லைங்க'ன்னு ரெண்டு தடவை சொன்னாருன்னேன். அவரு துண்டால மொகத்தை நல்லாத் தொடைச்சுக்கிட்டாரு. அப்புறம் அக்கம்பக்கம் பாத்துட்டு, என் காதுகிட்ட வந்தாரு. "எங்கூட்டுலயும் ரெண்டு குதிரை நிக்குதுங்க. மருந்து இல்லாம எப்படிங்க? ஊட்டுக்குப் பின்னால பொடக்காளில கோழிக்கூண்டுக்கு அடியில பொதைச்சு வெச்சிருக்கறமுங்க. நீங்க பாட்டுக்கு இதையும் எங்கயாச்சும் டைப் அடிச்சுப்போடாதீங்க சாமி."

ஆகக்கூடி, அந்தச் சட்டத்தால கஞ்சா ஒழிஞ்சுதான்னு எனக்குத் தெரியாதுங்க, ஆனாக் குதிரையோட வயித்தைத் தொட்டே அதுக்கு என்ன வலின்னு சொல்லத் தெரிஞ்ச ஒரு மனுசன், ஜெயிலை விட்டு வந்ததுக்கப்புறம் பெருந்துறையில ஒரு கம்பெனிக்கு வாட்ச்மேனாப் போய் லாரிக்குக் கேட்டைத் தொறந்து தொறந்து மூடிட்டு இருக்கறாரு.